அந்த ஸ்பூனை யார் எடுத்துக்கொண்டு போனது?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 441 மார்க். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் சேர்க்க நினைத்தோம். அவனோ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோதான் படிப்பேன் என்று அடம் பிடிக்கிறான். கணவர் இங்கே கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் 22 வருடமாக லேத் ஓட்டுகிறார். நக இடுக்கில் ஏறிய கறுப்பு போகவே போகாது. விசேஷ வீடுகளுக்குப் போனால் அவருக்காக நான் ஸ்பூன் எடுத்துப் போய்விடுவேன். மகனும் அப்படி ஆகக் கூடாது. அவரோ இதில் வாயே திறப்பதில்லை. பையன் மனதை எப்படி மாற்றுவது?
- வாசகி, கோவை

பதில்: சகோதரி, அந்த ஸ்பூனைத் தாண்டி உங்கள் கடிதத்தைப் படிக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

பந்தியில் அத்தனை பேரும் கையால் பிசைந்து சாப்பிட, ஒருவர் மட்டும் வாழையிலையில் ஓடும் ரசத்தை ஸ்பூனால் துரத்திக்கொண்டிருக்கிறார். அவரா கேட்டார்? நீங்கள் பையிலிருந்து எடுத்து நீட்டினீர்கள். வீட்டு வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் கட்டிய கையைச் சொந்தக்காரர்கள் பார்க்கக் கூடாது உங்களுக்கு. பிறகு அவர் வாய் திறப்பதில்லை என்று என்னிடம் குறை வேறு! பக்கத்து இலையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன், அப்படியும் மெக்கானிக்கல்தான் என்கிறான். அப்பாவை அவன் உங்களைவிட நன்றாகப் பார்த்திருக்கிறான்.

பட்டறை வேலை சுகமானது என்று நான் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நின்று கால் வீங்கும். ஆனால் டிப்ளமோ படித்தவனுக்குப் புரோகிராம் எழுதுவது, டிராயிங் போடுவது, தரம் பார்ப்பது என்று வேறு வழிகளும் உண்டு. உங்கள் கணவர் கையால் சக்கரம் திருப்பிச் செய்வதை, கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் சிஎன்சி மெஷினுக்குக் கட்டளைகளாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஜி01 என்றால் நேராக வெட்டும், ஜி02 என்றால் வளைந்து வெட்டும். 50 மில்லிமீட்டர் என்று நினைத்து எண்ணுக்குப் பின்னால் ஒரு தசமப் புள்ளி வைக்க மறந்தால், பல மெஷின்கள் அதை 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். வெட்டுகிற டூல் போய் இடிக்கும். இதற்குக் கணக்கு வேண்டும். உங்கள் மகன் கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் ஒதுங்குகிறான் என்றால் அவனையும் நான் திட்டுவேன். முதல் வருடமே அரியர் விழும்.

படிப்பு மூன்று வருடம். முடித்தவன் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். இல்லையென்றால் ஒரு வருடம் உதவித்தொகையோடு அப்ரெண்டிஸ் போகலாம். 1961-ஆம் வருட அப்ரெண்டிஸ் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் கேட்டுப் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். லேப்பில் மெஷின் ஓடுகிறதா, துணி போர்த்திக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெட்டுகிற சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவரை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். பெற்றவன் இருக்கும்போது பிள்ளையின் படிப்பை ஊரார் முடிவு செய்யக் கூடாது, நான் உட்பட.

அட்மிஷனுக்கு அவரையே அனுப்புங்கள். பெற்றோர் கையெழுத்தை அவரே போடட்டும், நகம் எப்படி இருந்தாலும்.