கோல்ஃப் டிரைவரைத் தட்டிப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: கோல்ஃபில் பந்தை அதிக தூரம் அனுப்பும் மட்டையான டிரைவர் வாங்கப் போனேன். கடையில் இரண்டை அடித்துப் பார்த்தேன். ஒன்று 'டிங்' என்று கணீரென ஒலிக்கிறது. கார்பன் மேல்மூடி போட்ட இன்னொன்று 'டப்' என்று அமுங்கிப் போகிறது. கணீரென்று கேட்பதுதான் தூரம் போகும் என்கிறார் விற்பனையாளர். விலையும் அதற்குத்தான் அதிகம். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பந்து கிளப்பின் (மட்டையின்) முகத்தை, அதாவது அடிக்கும் பரப்பை, தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லி விநாடிதான். அந்தச் சத்தம் தரையிலிருந்து கிளம்பி உங்கள் காதுக்கு ஏறி வருவதற்கே அதைவிடப் பல மடங்கு நேரமாகும். நீங்கள் 'டிங்'கைக் கேட்கும்போது பந்து எப்போதோ போய்விட்டது.

சத்தம் எங்கிருந்து வருகிறது? டிரைவர் தலை உள்ளே வெறும் கூடு. அடி விழுந்ததும் முகம், மேல்மூடி, அடிப்பாகம் மூன்றும் தனித்தனியாக அதிர்கின்றன. தகடு அகலமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் அதிர்வு தாழ்ந்த சுருதியில் நீளமாக இழுக்கும், கேட்கச் சகிக்காது. அதனால் அடிப்பாகத்தின் உட்புறம் மெல்லிய விலா எலும்பு போல வரிகளை வைத்துத் தகட்டை விறைப்பாக்குகிறார்கள். சுருதி மேலே ஏறும், இழுவை குறையும். உங்களுக்குப் பிடித்த அந்த 'டிங்' பெரும்பாலும் இப்படிச் செய்து வரவழைத்ததுதான்.

ஆனால் அந்த வரிகளுக்கும் எடை உண்டு. டிரைவர் தலையின் மொத்த எடையே சுமார் 200 கிராம். அதில் சில கிராமைச் சத்தத்துக்குக் கொடுத்தால், தலையின் பின்கோடியில் வைக்க அவ்வளவு குறைந்துவிடும். அங்கே எடை ஏன் வேண்டும் என்று கீழே சொல்கிறேன். கார்பன் மேல்மூடி டைட்டானியத்தைவிட லேசு, அதிர்வையும் சீக்கிரம் விழுங்கிவிடும். அதனால்தான் 'டப்'. அதில் மிச்சமான எடையைப் பின்னால் தள்ளியிருந்தால், அமுங்கிய சத்தம் உள்ளதே உங்களுக்கு உபகாரமான கிளப்பாக இருக்கலாம். ஆக, சத்தத்தை வைத்துப் பொருள் என்ன, கட்டுமானம் எப்படி என்று ஊகிக்கலாம். வேகத்தை ஊகிக்க முடியாது.

வேகத்துக்குக் கோல்ஃப் விதியே வரம்பு கட்டியிருக்கிறது. தலையின் கொள்ளளவு 460 கன செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒரு சிறிய ஊசல் குண்டால் முகத்தைத் தட்டி, அது தொட்டிருக்கும் நேரத்தை அளப்பார்கள். அந்த நேரம் கூடக் கூட முகம் அதிகம் துள்ளும். அதற்கு வரம்பு 239 மைக்ரோ விநாடி, சலுகையாக இன்னொரு 18. நல்ல நிறுவனங்கள் எல்லாமே இந்த வரம்பின் ஓரத்தில்தான் நிற்கின்றன. நடுமுகத்தில் பட்ட அடியில் ஒருவர் இன்னொருவரை மிஞ்ச அதிகம் இடமில்லை.

வித்தியாசம் தெரிவது நடுவில் படாத அடியில். முகத்தின் ஓரத்தில் பந்து பட்டால் தலை கையில் முறுக்கிக்கொள்ளும். அதை எதிர்ப்பது பிளஸ் டூ இயற்பியலில் படித்த நிலைமத் திருப்புத்திறன்தான். கடையில் எம்.ஓ.ஐ. என்பார்கள். இதற்கும் 5,900 கிராம் சதுர செ.மீ. என்று வரம்பு உண்டு, சலுகை 100. எடையை விளிம்புகளுக்குத் தள்ளத் தள்ள இது கூடும். 2007-ல் சதுர வடிவத் தலைகள் வந்தது இதற்காகத்தான். நேராகப் போகும் என்று வாங்கியவர்கள், வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி சத்தம் கேட்டு முகம் சுளித்தார்கள். சத்தத்துக்கென்று தனியாக மெனக்கெடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல பாடம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் பவுடர் ஸ்ப்ரே அடித்துவிட்டு, ஒரே ரகப் பந்தில், இரண்டு கிளப்பிலும் பத்துப் பத்து அடி. பந்து பட்ட இடம் பவுடரில் அப்படியே பதிந்திருக்கும். ஆகச் சிறந்த அடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், விற்பனையாளர் வேகத்தை அளக்கும் கருவியின் திரையில் அதைத்தான் காட்டுவார். ஓரத்தில் பட்ட அடிகளில் பந்தின் வேகம் எதில் குறைவாக விழுகிறது, எதில் பந்து அதிகம் விலகாமல் போகிறது என்று பாருங்கள். அப்புறம் பஞ்சை எடுத்துவிட்டு, முடிந்தால் திறந்தவெளியில், மறுபடி அடியுங்கள். நாலு சுவருக்குள் எல்லாமே இடி மாதிரிதான் கேட்கும்.

அதற்காகச் சத்தம் வீண் என்று சொல்ல மாட்டேன். கையில் 'ஃபீல்' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் காதுதான். பிடிக்காத சத்தம் போடும் கிளப்பை யாரும் மனசு ஒட்டி வீச மாட்டார்கள். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-ல் ஒரு பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கிளப்) செய்தார். எடையை இரு முனைகளுக்கும் பிரித்தால் தலை முறுக்காது என்பதுதான் அவர் யோசனை. பந்தைத் தொட்டதும் அது 'பிங்' என்று ஒலித்தது. நிறுவனத்தின் பெயரே பிங் ஆகிவிட்டது.

கேள்வி: வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. டிரைவரை ஆட்டினால் உள்ளே 'கலகல' என்கிறது. ஒன்றுமில்லை என்கிறது கடை.

பதில்: அநேகமாகக் கடை சொல்வது சரி. தண்டை ஒட்டிய எபாக்சிப் பசையில் ஒரு துணுக்கு உடைந்து உள்ளே விழுந்திருக்கும். தலையில் உள்ள எடைத் திருகைக் கழற்றி, காயாத பிசுபிசுப்புப் பசையை விட்டு ஆட்டினால் துணுக்கு அதில் ஒட்டி அடங்கிவிடும். வெளியே செய்தால் உத்தரவாதம் போய்விடலாம். கடையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

அடிக்கும் சத்தமே திடீரென மாறி, விரிசல் விட்ட பானை மாதிரி கேட்டால் அது வேறு கதை. முகத்தின் ஓரத்திலும் மேல்மூடி இணையும் இடத்திலும் நகத்தால் வருடிப் பாருங்கள். பல ஆயிரம் அடி வாங்கிய முகம் விரிசல் விடுவதற்கு முன் கொஞ்சம் அதிகமாகவே துள்ளும். பழைய டிரைவர் திடீரென்று தூரம் கொடுக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

கேள்வி: நண்பரும் நானும் வைத்திருப்பது ஒரே மாடல் அயர்ன் செட் (வெவ்வேறு தூரத்துக்கு எண் போட்ட உலோகக் கிளப்புகள்). என் 7-ஆம் எண் மட்டும் எப்போதும் குறைவாகவே போகிறது. நான்தான் காரணமா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் கிளப்பை அளந்து பாருங்கள். முகத்தின் சாய்வுக் கோணத்தில் ஒரு டிகிரி முன்னே பின்னே வருவது சகஜம். உங்களுடையது ஒரு டிகிரி கூடவும் நண்பருடையது ஒரு டிகிரி குறையவும் இருந்தால் இடைவெளி இரண்டு டிகிரி. சாய்வு கூடினால் தூரம் குறையும். தலையின் எடையில் 2 கிராம் மாறினாலே ஸ்விங்வெயிட், அதாவது வீசும்போது தலைப்பக்கம் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு, ஒரு புள்ளி நகர்ந்துவிடும். கோணத்தை அளக்கும் கருவி நல்ல கடைகளில் இருக்கும், ஐந்து நிமிட வேலை. பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது இது.

கேள்வி: பழைய டிரைவர் பாதி விலைக்கு வருகிறது. போலியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். முகம் டைட்டானியம் என்று சொல்லி விற்கிறார்களா, அங்கே காந்தம் ஒட்டக் கூடாது. எடைத் திருகில் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அது எஃகாக இருக்கும். முகத்தில் ஒட்டாததால் மட்டும் அசல் என்றாகிவிடாது. தண்டு நுழையும் கழுத்தில் உள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கு அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்தப் பாதி விலையும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.