ஏவிய நிரல் எல்லையில் நிற்குமா?

கேள்வி: குண்டு போட்டால் ஆள் சாகிறார்கள். கணினி நிரலை ஏவி எதிரியை முடக்கினால் உயிர்ச்சேதம் இல்லையே, நல்லதுதானே? எங்கள் மாங்கூழ் ஆலைக்கு அதனால் என்ன வரப்போகிறது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதல் பாதி ஓரளவு சரி. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகார நிரல், ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சுழற்கலன்களைக் குண்டே இல்லாமல் கெடுத்தது. 1,064 ஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை 1,410-க்கு ஏற்றியது, பிறகு 2-க்கு இறக்கியது. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் அதே நிரல் இந்தியக் கணினிகளிலும் ஏறியது. ஏவுகணை வெடித்தால் தீர்ந்தது. நிரல் பிடிபட்டால் எவரும் பிரித்துப் படித்துத் திருப்பி ஏவலாம்.

2017 ஜூன் 27, இங்கே பெங்களூரா மாங்காய் ஆலைகளுக்கு வந்து இறங்கும் சமயம். உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட்டில் ஒளிந்து வந்தது, கணினித் தரவை அழிக்கும் நாட்பெட்யா நிரல். ரஷ்ய ராணுவத்தின் வேலை என்றன அமெரிக்காவும் பிரிட்டனும். அது பரவ உதவிய கருவியோ, அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விடமிருந்து களவுபோனது! மும்பை பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில், டென்மார்க் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் குழுமத்தின் கன்டெய்னர் முனையமும் முடங்கியது. மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அதன் பயனர் பட்டியலின் நல்ல நகல் மிஞ்சியது கானாவில் மட்டும். அங்கே அந்நேரம் கரண்ட் இல்லாததால் அந்த சர்வர் தப்பியது.

எனவே, ஏற்றுமதி ஆவணங்களின் நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே கிடந்தால் அதுவும் சேர்ந்து அழியும். எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம். நாட்பெட்யா ஒரு கணினியில் பாஸ்வேர்டைத் திருடித்தான், அப்டேட் போட்டுப் பாதுகாப்பு ஓட்டையை அடைத்த கணினிகளுக்குள்ளும் புகுந்தது. ஸ்டக்ஸ்நெட் செய்ததுபோல் திரை பொய் காட்டலாம்; ஷிப்டுக்கு ஒருமுறை பாய்லரின் முள் மீட்டரைத் திரையோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒகேனக்கல் தண்ணீரையே இப்படி நிறுத்த முடியுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: கணினி வழி இயங்கும் எந்தப் பம்பையும் குறிவைக்கலாம். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் மின்வாரிய ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. துணைமின் நிலையங்களுக்கு ஆள் போய்க் கையால் போட்டதால் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. பம்ப் பேனலிலும் ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் இருக்கும். மாதம் ஒருமுறை மேனுவலில் ஓட்டிப் பார்க்காவிட்டால் அவசரத்துக்கு உதவாது. பல பேனல்களில் மேனுவலுக்கு மாற்றினால் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்காது. தொட்டியடியில் ஒருவர் போனோடு நிற்க வேண்டும்.