பூங்கா, நடைபாதைத் திட்டம் எழுதிக் கொடுத்தும் நிதி வரவில்லை, என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் வேலூரில் புதிதாக வளர்ந்த ஒரு நகரில் குடியிருக்கிறார். நலச்சங்கம் சேர்ந்து பூங்காவும், அங்கிருந்து ஏரிக்கரை வரை நடைபாதையும் கேட்டு மனு கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். யாரைப் பிடித்தால் பணம் வரும் என்கிறார்.

யாரையும் பிடிக்க வேண்டாம். முதலில் அந்தத் திட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். சத்துவாச்சாரி பக்கம் ஒரு நலச்சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்களும் இதே தப்பைத்தான் செய்தோம். எங்கள் திட்டம் 46 பக்கம், கலர் பிரிண்ட். பூங்கா, திறந்தவெளி ஜிம், ஏரிக்கரை மேல் 1.4 கிலோமீட்டர் வாக்கிங் டிராக், நடுவில் யோகா மேடை. கட்டடக்கலை படிக்கும் பையன் ஒருவன் போட்டுக் கொடுத்த படத்தில் வெள்ளைக்காரக் குழந்தைகள் பலூனோடு நின்றார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அடுத்த வருடமும் கொடுத்தோம், அதே பதில்.

அப்புறம் எங்கள் தெருவுக்கு ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர் ஒருவர் குடிவந்தார். 46 பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, “சர்வே நம்பர் எங்க சார்?” என்றார். எங்கேயும் இல்லை. யோகா மேடைக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது.

வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு இருக்கிறது. பூங்கா கேட்காத வார்டு இருக்காது. பணம் ஒதுக்குகிறவர் கையில் வரவேண்டியது, இந்த சர்வே எண்ணில், இத்தனை மீட்டர் நீளம், இத்தனை அகலம், இத்தனை ரூபாய் என்று ஒரு பக்கத்தில் முடிகிற ஒரு பணி. அதற்கு முன்னால் ஒவ்வொரு மீட்டரும் யார் நிலம் என்று தெரிய வேண்டும். எங்கள் பாதையை அந்தப் பொறியாளர் புலப்படத்தில் (சர்வே எண்களின் எல்லை காட்டும் படம்) வைத்துப் பார்த்தபோது மூன்று சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதனால் மூன்று துண்டு.

முதல் துண்டு பூங்கா இடம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், பொதுவாக, சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்பது இதுதான். மனை விற்ற வரைபடத்தில் பச்சை அடித்திருந்தால் மட்டும் போதாது. தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அங்கீகரித்த வரைபட நகலைப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். எங்களுக்குப் பத்திரம் சரியாக இருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டாவது துண்டு வெறும் தெரு. அதில் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது ஏரிக்கரை. இங்கேதான் நாங்கள் மொத்தமாக மாட்டிக்கொண்டோம். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதாலேயே ஏரி மாநகராட்சியுடையது ஆகிவிடாது. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்காமல் கரையில் ஒரு கல் வைக்க முடியாது. எங்கள் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் கடுகடு ஆள். மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்) பக்கம் வரவே கூடாது, கரை மேல் பெஞ்சு கிஞ்சு போடக் கூடாது, மழைக்காலத்தில் உடைப்பு எடுத்தால் ஜே.சி.பி. வர வழி வேண்டும் என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. (கோட்டை அருகில் குடியிருப்பவர்களுக்கு வேறு தலைவலி. தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்க வேண்டிய பகுதி.)

ஆகவே பூங்காவுக்குள் சுற்றுப்பாதை 210 மீட்டரை மட்டும் தனியாக எடுத்தோம். பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் கூட்டம்) கவுன்சிலர் முன்னால் சொல்லிப் பதிவு செய்யவைத்தோம். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். எஸ்டிமேட் ஒன்பது லட்சம், எங்கள் பங்கு மூன்று லட்சம். வீடு வீடாகப் போனதை நினைத்தால் இன்னும் கால் வலிக்கிறது. “வரி கட்றோமே, இது இன்னாத்துக்கு?” என்று ஒரு அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் தானே கூப்பிட்டு இருபத்தைந்தாயிரம் கொடுத்தார். பத்து வாரத்தில் டி.டி. எடுத்துக் கட்டினோம். எங்கள் காசு உள்ளே போன பிறகு கோப்புக்குக் கால் முளைத்துவிட்டது.

விளக்குகளுக்கு எம்.எல்.ஏ. தொகுதி நிதியைக் கேட்டோம். வருடத்துக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. பெரிதாகத் தோன்றும், ஆனால் ஒரு தொகுதிக்குள் எத்தனை ஊர், எத்தனை பள்ளிக்கூடம் என்று எண்ணிப் பாருங்கள். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல், மே மாதத்திலேயே எஸ்டிமேட்டோடு போய் நில்லுங்கள். ஜனவரியில் போனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைக்கும். ஸ்மார்ட் சிட்டியில் சேர்க்கச் சொல்லலாமே என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள், அந்த இயக்கம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். எஸ்டிமேட்டில் பேவர் பிளாக் என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டோம். வேலூர் மே மாத வெயிலில் காலை ஒன்பது மணிக்கே அது தோசைக்கல். முட்டி வலிக்காரர்கள் பாதையை விட்டு ஓரத்து மண்ணில்தான் நடக்கிறார்கள். நல்ல கிராவல் கொட்டி ரோலர் போட்டு, மிச்சக் காசில் வேலியோடு புங்கன் கன்று வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவது யார் என்பதையும் முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். தொகுதி நிதியெல்லாம் பராமரிப்புக்கு வராது.

ஏரிக்கரைத் துண்டுக்கு இப்போதுதான் தடையின்மைச் சான்று கைக்கு வந்திருக்கிறது. முதலில் 400 மீட்டருக்கு எஸ்டிமேட் கேட்டிருக்கிறோம். யோகா மேடையைத் திட்டத்திலிருந்து நாங்களே அடித்துவிட்டோம்.