விண்ணப்பித்தும் கிடைக்காத ஆண்டு விடுமுறை கைவிட்டுப் போகுமா?

கேள்வி: பயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 1.3.2022 முதல் பொறியியலாளராக இருக்கிறேன். சம்பளம் 5,200 ரிங்கிட். ஒப்பந்தப்படி 16 நாள் லீவு. ‘பிராஜெக்ட் முடியட்டும்’ என்று மேலாளர் வாய்வார்த்தையிலேயே தள்ளிப்போடுகிறார். டிசம்பர் 31க்குள் எடுக்காவிட்டால் பர்ன் (காலாவதி) ஆகிவிடும், 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவதால் தொழிலாளர் சட்டமும் எனக்கில்லை என்கிறது எச்.ஆர். (மனிதவளப் பிரிவு). பிள்ளைகளை கேமரன் மலைக்குக் கூட்டிப்போகவே கையில் காசில்லை. லீவைப் பணமாகவாவது கேட்கலாமா?
– வாசகி, பினாங்கு

பதில்: சகோதரி, எச்.ஆர். சொல்வது தவறு. 1.1.2023 முதல் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் சம்பள வரம்பின்றி எல்லா ஊழியருக்கும் பொருந்தும். 4,000க்கு மேல் வாங்குவோருக்கு ஓவர்டைம் சம்பளம் போன்ற சில உரிமைகள்தாம் இல்லை. ஆண்டு விடுமுறை உண்டு: சேவை 2 ஆண்டுக்குக் குறைவென்றால் 8 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 12, அதன்பின் 16.

ஆக, உங்கள் 16 நாளில் 12 நாள் சட்டம் தந்தது, 4 நாள் கம்பெனி கூட்டித் தந்தது. டிசம்பர் 31 கெடு அந்த 4 நாளுக்குச் செல்லலாம். மற்ற 12 நாளுக்கு, சேவை ஆண்டு (வேலையில் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணும் 12 மாதம்) முடிந்தபின் இன்னும் 12 மாதம் அவகாசம் உண்டு. 28.2.2025இல் முடிந்த ஆண்டின் விடுமுறையை 28.2.2026 வரை எடுக்கலாம். ஒப்பந்தம் இதைக் குறைத்தால் அந்த ஷரத்து செல்லாது. ஆனால் இந்தத் தேதியும் கடந்தால் உரிமை போய்விடும்.

பணம் கிடைக்க இரண்டு வழிகள். லீவை விட்டுக்கொடுக்கும்படி முதலாளி கேட்டு, நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அல்லது வேலை முடிவுக்கு வர வேண்டும் (ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால் கிடையாது). நீங்களாகக் கேட்டால் தந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 200 ரிங்கிட், 10 நாளுக்கு 2,000.

மேலாளரின் வாய்வார்த்தை ஆபத்தாவது இதனால்தான். அவர் மறுத்ததற்கும் சாட்சி இல்லை, விட்டுக்கொடுக்கச் சொன்னதற்கும் சாட்சி இல்லை. இன்றே மூன்று வெவ்வேறு தேதிகளைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் விண்ணப்பியுங்கள். மறுத்தால், ‘28.2.2026க்குள் எந்தத் தேதி தருவீர்கள்? வேலை காரணமாக நான் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று எழுதித் தாருங்கள்’ என்று பதில் எழுதுங்கள். குறிப்பிட்ட ஒரு தேதியை முதலாளி மறுக்கலாம். விடுமுறையே தராமலிருப்பது குற்றம். நிரூபணமானால், தராத நாள்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடும்.

எல்லா நாளையும் விற்றுவிடாதீர்கள். ஐந்து நாளாவது ஓய்வெடுங்கள், வீட்டிலேயே இருந்தாலும் சரி. லீவில் இருக்கும்போது உடம்புக்கு முடியாமல் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுத்தால் அந்த நாள் லீவுக் கணக்கில் கழியாது. எழுத்தில் ஒப்புதல் வரும்முன் டிக்கெட்டோ தங்குமிடமோ பதியாதீர்கள். ஒப்புதல் தந்த பிறகு முதலாளி லீவை ரத்து செய்தாலும் அந்தச் செலவைத் திருப்பித்தர வேலைவாய்ப்புச் சட்டத்தில் தனி விதி இல்லை.

ஜனவரி நடுவிலும் பதில் வராவிட்டால், 28.2.2026 வரை காத்திராமல் பினாங்கு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், லீவுப் பதிவு, அந்த மின்னஞ்சல்கள் நான்கையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.