“இது முதலாளிக்கும் தெரியுமோ?”

அன்பின் ஐயா,

நாங்கள் திருகோணமலையில் படிக்கும் நான்கு மாணவர்கள். இறுதியாண்டுச் செயற்றிட்டமாக நிலாவெளி, இறக்கக்கண்டிப் பகுதி மீனவர்களுக்கு ஒரு கைத்தொலைபேசிச் செயலி செய்துவருகிறோம். பிடித்த மீன், நிறை, விலை, மண்ணெண்ணெய்ச் செலவு ஆகியவற்றைப் பதிந்தால் அன்றைய கணக்கு மீனவருக்கும், கரையில் மீனை வாங்கும் வாடி முதலாளிக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும். செயலி கட்டும் பிளட்டரிலும், தரவை இணையத்தில் சேமிக்கும் ஃபயர்பேஸிலும் 80 வீத வேலை முடிந்துவிட்டது. மேற்பார்வையாளர் செயற்கை நுண்ணறிவு கொண்டு மீன்விலையைக் கணிக்கும் பகுதியையும் சேர்க்கச் சொல்கிறார்.

பரிசோதிக்கக் கொடுத்தால் எல்லோரும் “நல்ல வேலை பிள்ளைகள்” என்கிறார்கள், ஆனால் ஒருவரும் தொடுவதில்லை. ஒரு பெரியவர் மட்டும் “இது முதலாளிக்கும் தெரியுமோ?” என்று கேட்டார். ஆம் என்றோம். அதற்குப் பிறகு அவரும் பதியவில்லை. “பயனர்களிடம் தொழில்நுட்ப அறிவு போதாது” என்று அறிக்கையில் எழுதலாம் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். இறுதி மதிப்பீட்டுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. சில ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்பின் தங்கைக்கு,

அந்த வாக்கியத்தை அறிக்கையில் எழுதாதீர்கள், அது பொய். நீங்கள் சொல்லும் இதே மனிதர்கள் கத்தாரில் இருக்கும் மகனோடு தினமும் வீடியோவில் பேசுகிறார்கள். கடலுக்குள்ளே மீன் கூடும் பார் (பாறைத்திட்டு) இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்துவைத்து, இருட்டில் திரும்பவும் அதே இடத்தில் வலை விடுகிறார்கள். குறித்துவைத்த இடத்தைச் சொந்த மச்சானுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள் என்பது வேறு கதை. வேறு கதையும் இல்லை, உங்கள் கதைதான். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், மீனைப் பதியப் போகும்போதே செயலி இருப்பிட அனுமதி கேட்கிறது. எதற்கு? கணக்கு எழுத இடம் எதற்கு? ஏதோ மாதிரிக் குறிமுறையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடற்றொழிலாளி கண்ணுக்கு அது, “உன் பார் எங்கே, காட்டு” என்று கேட்பதாகத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய விடயம் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி. இத்தனை மாத வேலையில் உங்களுக்குக் கிடைத்த ஒரே உண்மையான பரிசோதனை முடிவு அதுதான். வாடைக் காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, நம் பக்கத்துக் கடல் சிறு படகுகளைப் பல நாட்களுக்கு விடாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், இயந்திரம் பழுது பார்க்க வேண்டும், வலை வாங்க வேண்டும். அப்போது முற்பணம் கொடுப்பவர் முதலாளி. கொடுத்த பிறகு மீன் அவருக்கே போக வேண்டும், விலையையும் அவரே சொல்லுவார். இதில் முதலாளி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. வங்கி எட்டிப் பார்க்காத கரையில் ஆபத்துக்குப் பணம் தருபவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் நல்ல பாரை மீன் நாலு விழுந்த அன்று, இரண்டை உப்புவெளி ஹோட்டல்காரருக்குக் கொடுத்துவிட்டு வரும் சுதந்திரம் இந்த ஏற்பாட்டுக்குள்ளே சத்தமில்லாமல் இருந்துவருகிறது. முதலாளிக்கும் அது தெரியும், தெரியாததுபோல இருப்பார். உங்கள் செயலி இரண்டு பேரையும் ஒரே திரைக்கு முன்னால் நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் தெரியாததுபோல இருக்க முடியாது.

ஆகவே முதலாளிக்கான உள்நுழைவை எடுத்துவிடுங்கள். செய்து முடித்த பகுதியை அழிப்பது வலிக்கும், அழியுங்கள். பதிவுகள் மீனவரின் தொலைபேசியிலேயே, எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் இருக்கட்டும். கடலில் சிக்னல் இல்லாதது இதற்குக் காரணம் இல்லை. இணைப்பு இல்லாதபோதும் ஃபயர்பேஸின் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோர் பதிவைத் தொலைபேசியில் வைத்திருந்து பிறகு அனுப்பிவிடும். அந்தச் சிக்கலை நீங்கள் ஏற்கெனவே தீர்த்திருக்கிறீர்கள். யாருக்கு அனுப்புவது என்பதைத்தான் யோசிக்கவில்லை. முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நாளில், மீனவர் தாமே தேர்ந்தெடுத்த வரிகளை ஒரு படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அதற்கு ஒரு பொத்தான் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை படியுங்கள். சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவைத்தான் திரட்டலாம் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. வாய்மொழித் தேர்வில் “முதலாளியின் உள்நுழைவை ஏன் நீக்கினீர்கள்?” என்று கேட்டால் சொல்லப் பதில் கிடைக்கும்.

மீன் பட்டியலையும் பார்த்தேன். சூரை, பாரை, கணவாய் இருக்கின்றன. கரைவலைக்காரரின் சாளை எங்கே, நெத்தலி எங்கே? நிறைக்கான கட்டத்தில் கிலோவைத் தவிர வேறு வழியே இல்லை. கூடையாகக் கைமாறும் மீனுக்கு அவர் என்னத்தை எழுதுவார்? அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த திரைக்கும் போக முடியவில்லை. மூன்று நிறத்தில் வட்ட வரைபடம் போட்டிருக்கிறீர்கள், அழகாக இருக்கிறது. பங்கு பிரிக்கும் கணக்கைக் காணவில்லை. செலவைக் கழித்து, படகுக்கும் வலைக்கும் ஒதுக்கி, மிச்சத்தை ஆட்களுக்குப் பிரிப்பதுதான் மாலையில் அவர்கள் உட்கார்ந்து போடும் கணக்கு. 80 வீதம் என்கிறீர்களே, திரைகளை எண்ணினால் சரிதான்.

விலைக் கணிப்பா? திருகோணமலை விலைக்குப் கொழும்புக்கு அருகேயுள்ள பேலியகொடை மொத்த மீன் சந்தையும் காரணம், காற்றும் காரணம். எவரும் பதியாத செயலியிலிருந்து கணிக்க என்ன தரவு வரும்? மேற்பார்வையாளரோடு மோத வேண்டாம். “எதிர்கால வேலைகள்” என்று ஓர் அத்தியாயம் இதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

பெரியவரிடம் திரும்பப் போகும்போது காலையில் மீன் இறக்கும் நேரத்தில் போகாதீர்கள். பின்னேரம் வலை பொத்தும் நேரம் போங்கள், வாடிக்கு முன்னால் நின்று பேசாதீர்கள். இருப்பிட அனுமதி நீங்கிய பதிப்பை அவர் கையில் கொடுத்து, நீங்கள் எதையும் தொடாமல் பக்கத்தில் இருங்கள்.

பிளே ஸ்டோரில் வெளியிட நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். செயலி வெளியிடுபவரின் கணக்கு புதிய தனிநபர் கணக்கென்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பயன்படுத்துவது) இருந்த பிறகுதான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்ணுக்கு அது தேவையில்லை என்றால் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். தேவை என்றால் இந்த மாதமே தொடங்குங்கள், அந்த 12 பேரும் உங்கள் வகுப்புத் தோழர்களாக இருக்க வேண்டாம்.