டீஹியூமிடிஃபையரைப் போட்டாலே நாறுகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா?

பேஸ்மெண்டில் (வீட்டுக்கு அடியில், மண்ணுக்குள் இருக்கும் தளம்) டீஹியூமிடிஃபையரை, அதாவது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெஷினை, ஆன் செய்தால் ஈரச் சாக்கு நாற்றம் வருகிறது, தண்ணீர் சேரும் பக்கெட்டை எத்தனை தடவை கழுவியும் போகவில்லை, புதிதாக வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பொறுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாரும் பக்கெட்டைத்தான் கழுவுகிறோம், அந்த இடத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. நீங்களும் டொரண்டோ பக்கம்தான், வாடகை பேஸ்மெண்ட்தான் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சொந்த வீடு என்றால் நடுவில் வரும் புலம்பலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கனடா வந்த புதிதில் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் இருந்தோம். மேலே வீட்டு ஓனர், அவரும் தமிழர்தான். ஜூன் மாதம் பிறந்தால் போதும், படியில் பாதி இறங்கி நின்று மூக்கை உறிஞ்சுவார். "என்னம்மா, கருவாடா?" என் கணவர் முட்டைகூடச் சாப்பிடாதவர், அந்த வீட்டுக்குள் கருவாடு வந்ததே கிடையாது. சரி, கருவாடு இல்லையென்றால் பெருங்காயமாம், அதுவும் இல்லையென்றால் தாளிப்பாம். மேலே அவர்கள் குழம்பு கொதித்தால் மணம், கீழே நான் கொதிக்க வைத்தால் நாற்றம். "ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்" என்று உத்தரவு வேறு.

ஜூலை மாதம் பேஸ்மெண்ட் ஜன்னலைத் திறந்து வைப்பது இருக்கிறதிலேயே மோசமான யோசனை. வெளியே காற்று சூடு, ஈரமும் அதிகம். மண்ணுக்குள் இருக்கும் சுவரும் தரையும் குளிர்ச்சி. ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளியில் வேர்க்கிற மாதிரி, உள்ளே வரும் காற்றின் ஈரமெல்லாம் சுவரில் வேர்த்துவிடும், கார்பெட்டுக்கு அடியில் இறங்கும். அடுப்புப் புகை போக ஐந்து நிமிடம் திறப்பது வேறு, நாள் முழுக்கத் திறந்து போடுவது வேறு. காற்றோட்டம் நல்லது என்று நம் ஊர்ப் பழக்கத்தில் சொல்வதைப் பேஸ்மெண்டில் அப்படியே செய்ய முடியாது.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் ஓனர் வைத்துவிட்டுப் போன டீஹியூமிடிஃபையர் ஒன்று இருந்தது. எப்போதும் ஓட வேண்டும், ஆனால் அதைத் தொடக்கூடாது என்பது அவர் விதி. ஒரு நாள் அவர் இந்தியா போயிருந்த நேரம் பார்த்து ஃபில்டரை உருவினேன். கம்பளி மாதிரி தூசி. அதற்குப் பின்னால் இருந்த காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் உலோகக் குழாயும் தகடுகளும்) கருப்பாக, வழவழவென்று ஒரு படலம். அதை மோந்து பார்த்தவுடன் புரிந்துவிட்டது, இத்தனை நாள் என் கருவாடு இதுதான்.

விஷயம் எளிது. ஃபேன் அறைக் காற்றை இழுத்துக் குளிர்ந்த காயிலின் மேல் விடுகிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் நீராகி பக்கெட்டில் சொட்டுகிறது, காய்ந்த காற்று சூடான இன்னொரு காயில் வழியாக வெளியே வருகிறது. ஃபில்டர் சரியில்லாவிட்டால் தூசி நேராக ஈரக் காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். தூசியும் ஈரமும் இருந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அதன் வழியாகத்தான் வீட்டுக் காற்று முழுவதும் போய் வருகிறது.

இப்போது சுத்தம் செய்வதற்கு வருகிறேன். மெஷின் ஓடும் காலங்களில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காட்டாமல் நிழலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஈரத்தோடு மாட்டுவது கழுவாததைவிடக் கெட்டது. பக்கெட்டில் பாதி தண்ணீர், பாதி வெள்ளை வினிகர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். ஓரத்தில் ரோஸ் நிறத்தில் வழுக்கினால் அது பாக்டீரியா, மூலை முடுக்கெல்லாம் பழைய டூத் பிரஷ் போட வேண்டும். உள்ளே இருக்கும் மிதவையைப் பிடுங்கிவிடாதீர்கள், பக்கெட் நிறைந்ததும் மெஷினை நிறுத்துவது அதுதான். வினிகர் ஊற்றியதில் பிளீச்சையும் சேர்த்து ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். இதை இரண்டாவது தடவையும் சொல்வேன், ஏனென்றால் 'ரெண்டும் போட்டா டபுள் கிளீன்' என்று நினைக்கிறவர்கள் நம் வீடுகளில் உண்டு.

காயிலுக்கு வினிகர் வேண்டாம், அலுமினியத் தகடுகளை அரிக்கும். முதலில் வேக்யூமில் மிருதுவான பிரஷ் மாட்டித் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இழுங்கள், குறுக்கே தேய்த்தால் வளைந்துவிடும். கிளவுஸ் போடுங்கள், அந்தத் தகடு பிளேடு மாதிரி வெட்டும். அப்புறம் லேசான சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சமாக அடித்து, வெறும் தண்ணீரும் அடித்தால் அழுக்கு பக்கெட்டுக்குள்ளேயே வடிந்துவிடும். ஏசிக்கு விற்கும் காயில் ஃபோமும் சரி. மின்சாரப் பகுதிகளில் படாமல் பார்த்துக்கொண்டு, முழுக்கக் காய்ந்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். ஏசி மெக்கானிக் யாராவது வந்து "கேபினெட்டையே கழற்ற வேண்டும்" என்று சண்டைக்கு நிற்கலாம். மெக்கானிக்கான உங்களுக்குத் தெரியும், நீங்கள் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெபாசிட்டர் என்ற பாகத்தில் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் மற்றவர்களை ஸ்க்ரூவைத் தொடச் சொல்ல மாட்டேன்.

நான் கழுவி வைத்த பிறகு கருவாடு போய்விட்டது. ஓனர் திரும்பி வந்து, "இப்போது சமையலை மாற்றிவிட்டீர்கள் போல" என்றார். அது போகட்டும். மெஷின் ஓடுகிறது என்று கோடையில் ஹைட்ரோ பில்லுக்கு (இங்கே கரண்ட் பில்லுக்கு அதுதான் பெயர்) எங்களிடம் தனியாகப் பணம் வாங்கினாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. 500 வாட் மெஷின் நாள் முழுக்க ஓடினால் 12 யூனிட். காயில் அடைத்துக்கொண்டால் ஈரம் இறங்காது, அதனால் நிற்காமல் ஓடும். காப்பாற்றுவது அவர் சுவரை, அவர் மரத்தை, பில் மட்டும் எங்களுடையது. குடியிருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் குறை சொல்வார்கள் என்று கீழே கமெண்ட் எழுத வருகிறவர்கள், ஒரு கோடையைப் பேஸ்மெண்டில் கழித்துவிட்டு வரட்டும்.

கோடையில் 50 சதவீதம், குளிர்காலத்தில் 30 சதவீத ஈரப்பதம் என்பதுதான் கனடா சுகாதாரத் துறை சொல்லும் அளவு. கோடையில் மெஷினை 35-இல் வைத்துவிட்டு "நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று திட்டாதீர்கள். அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் காயிலில் ஐஸ் பிடிக்கலாம், அது ரிப்பேர் அல்ல, அணைத்து உருகவிடுங்கள். கோடையிலும் ஐஸ் பிடித்தால் ஃபில்டரைப் பாருங்கள். பக்கெட் தண்ணீர் சுத்தமான தண்ணீர்தானே என்று என் மாமியார் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றப் போனார், தடுத்துவிட்டேன். உலோகக் காயிலில் வழிந்து வந்த தண்ணீர், சாப்பிடும் செடிக்கு வேண்டாம், டாய்லெட்டில் ஊற்றுங்கள்.

தூக்கிப் போட வேண்டிய மெஷினும் உண்டு. கிரீ என்ற சீன நிறுவனம் தயாரித்துப் பல பிராண்ட் பெயர்களில் விற்ற டீஹியூமிடிஃபையர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து என்று 2013-இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. பின்னால் வேறு சில நிறுவனங்களுக்கும் இதே கதை. உங்களுடையது பழசு என்றால் பின்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணை அரசின் ரீகால் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் புதிது வாங்க வேண்டியிருக்கும், அப்போது கடைக்காரர் 70 பைண்ட் (ஒரு நாளில் மெஷின் இழுக்கும் தண்ணீரின் அளவு) மெஷின் இப்போது வருவதில்லை, 50-தான் இருக்கிறது என்பார். ஏமாற்று இல்லை. 2019-இல் அமெரிக்காவில் சோதிக்கும் வெப்பநிலையை 80 ஃபாரன்ஹீட்டிலிருந்து 65-க்கு இறக்கினார்கள், குளிர்ந்த காற்றிலிருந்து மெஷின் குறைவாகத்தான் தண்ணீர் இழுக்கும், அதனால் பழைய 70-தான் இன்றைய 50.