டி வாங்கினாலும் பாஸ்தானே?

உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் டி, அதாவது ஏ, பி, சி-க்கு அடுத்த கிரேடு, வாங்கியிருக்கிறான். பள்ளியில் விசாரித்தால், "பாஸ்தான், கிரெடிட் கிடைத்துவிட்டது" என்கிறார்களாம். பிறகு எதற்குக் கவலை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை அம்மா. நீங்கள் கேட்க நினைத்தது ஒன்று, அவர்கள் பதில் சொன்னது வேறொன்றுக்கு.

கலிஃபோர்னியாவில் பள்ளிப் படிப்பை முடிப்பது ஒரு கணக்கு, பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவது வேறு கணக்கு. பள்ளியை முடிக்க மாநிலம் கேட்கும் குறைந்தபட்சத்தில் ஆங்கிலம் 3 ஆண்டு, கணிதம் 2, அறிவியல் 2. உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான பள்ளி மாவட்டம் தன் பங்குக்குக் கூட்டியிருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் கேட்பவை 'ஏ-ஜி' எனப்படும் 15 ஓராண்டுப் பாடங்கள். வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, வேற்றுமொழி 2, கலை 1, விருப்பப்பாடம் 1. எதிலும் சி-க்குக் கீழே இறங்கக் கூடாது. டி வாங்கினால் பள்ளியின் கணக்கில் பாடம் முடிந்தது. ஏ-ஜி கணக்கில் அந்த இடம் காலி.

"ஒன்பதாம் வகுப்பு மார்க்கை யாரும் பார்ப்பதில்லை" என்று உங்களிடம் சொன்னவருக்குப் பாதிதான் தெரியும். இந்தப் பல்கலைக்கழகங்கள் ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, போடும்போது பத்து, பதினொன்றாம் வகுப்புகளை மட்டும் கூட்டுவது உண்மைதான். ஆனால் ஒன்பதில் படித்த பாடமும் அந்தப் பதினைந்தில் ஒன்று. கணிதத்தில் டி வாங்கியவன் அடுத்த நிலைக் கணிதத்தில் சி வாங்கினால் பழைய ஓட்டை அடைபடும். வேற்றுமொழிக்கும் இப்படியொரு சலுகை உண்டு. ஆங்கிலத்துக்கு இல்லை. பத்தாம் வகுப்பில் ஏ வாங்கினாலும் ஒன்பதின் டி அப்படியே நிற்கும். ஆகவே வரும் கோடையிலேயே அந்த ஒரு செமஸ்டரை மறுபடி படிக்க வையுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய பிறகு ஒரு தந்தை மகனோடு வந்தார். மதிப்பெண் தாளில் வரிசையாக ஏ. ரோபாட்டிக்ஸ், கணினி, எல்லாம் இருந்தது. நான் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனேன். ஸ்பானிஷ் 1 இருந்தது, ஸ்பானிஷ் 2 இல்லை. ரோபாட்டிக்ஸுக்கு நேரம் போதவில்லை என்று பத்தாம் வகுப்பில் விட்டிருக்கிறான். இரண்டாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. கல்லூரிக் கட்டுரைகள் எழுத வேண்டிய மாதங்களில் அந்தப் பிள்ளை இணையவழியில் வினைச்சொல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரே ஆண்டில் ஐந்து ஏபி, அதாவது கல்லூரித் தரத்துப் பாடங்கள், எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். எடுக்கட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தகுதிக்கான ஜிபிஏவில் எட்டு செமஸ்டருக்குத்தான் கூடுதல் புள்ளி தருகிறது. ஒரு பாடத்துக்கு இரண்டு செமஸ்டர், ஐந்து ஏபி என்றால் பத்து செமஸ்டர். டி வாங்கினால் அந்தக் கூடுதல் புள்ளியும் கிடையாது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையின் தலையில் இப்போது ஏபி பேச்சை ஏற்றாதீர்கள்.

கணிதத்தில் மூன்று ஆண்டு போதும் என்பது விதி. பொறியியல் ஆசை இருந்தால் நான்காவது ஆண்டையும் விடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளி வேற்றுமொழிக் கணக்கில் சேருமா என்றும் கேட்டிருந்தீர்கள். சில பள்ளி மாவட்டங்கள் ஏற்கின்றன. உங்கள் மாவட்டம் ஏற்குமா என்பதைப் பள்ளிக் கவுன்சலரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி ஸ்பானிஷை விட்டுவிடாதீர்கள்.

கவுன்சலரைப் பார்க்கப் போகும்போது மதிப்பெண் தாளையும் உங்கள் பள்ளிக்குரிய ஏ-ஜி பாடப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். ஒரே பெயர் போலத் தோன்றும் இரண்டு பாடங்களில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றொன்று இருக்காது. மகனையும் உடன் அழைத்துப் போங்கள், கேள்விகளை அவனே கேட்கட்டும். கோடை வகுப்புப் பதிவு என்றைக்குத் தொடங்குகிறது என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.